ராஸ்பெரி பை எழவில்லையா? உடனே ஃபிளாஷ் பண்ணாதீர்கள்

ராஸ்பெரி பைக்கு ஓஎஸ் எழுதி, கார்டைச் செருகி, மின்சாரமும் கொடுத்தாயிற்று. திரையில் ஒன்றும் வரவில்லை. விவரம் தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "கார்டை இன்னொரு தடவை ஃபிளாஷ் பண்ணிப் பாருங்க." அது பலிக்காவிட்டால், "வேற கார்டு போட்டுப் பாருங்க." அதற்கும் அசையாவிட்டால், "போர்டு போயிருக்கும்." இந்த மூன்று யோசனைகளிலும் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது: போர்டில் எந்த விளக்கு எரிந்தது, எப்படி எரிந்தது? அதைக் கேட்காமல் கார்டைத் திரும்ப எழுதுவதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருட்டு நடந்த வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுக் கைரேகை தேடுகிற வேலை அது. இந்தச் சின்னப் போர்டு பூட் ஆகும் வழியில் ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஓர் அடையாளத்தை வெளியே காட்டுகிறது. அதைப் படித்தால் கோளாறு கார்டிலா, கரண்டிலா, இமேஜிலா, இல்லை கோளாறே கிடையாதா என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

முதலில், நாம் "ஓஎஸ் போடுவது" என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். மேசைக் கணினியில் அதற்கென்று ஒரு நிரல் ஓடும். எந்த டிஸ்க் என்று கேட்கும், மொழியைக் கேட்கும், ஏதாவது தப்பினால் திரையிலேயே சொல்லும். பையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஏற்கெனவே நிறுவி முடித்த ஓர் ஓஎஸ்ஸின் நகலைக் கார்டின் முதல் பைட்டிலிருந்து வரிசையாக எழுதுகிறோம், அவ்வளவுதான். அந்த நகலில் இரண்டு பிரிவுகள் உண்டு: பூட் கோப்புகள் இருக்கிற சிறிய ஃபேட் பிரிவு, லினக்ஸ் முழுவதும் இருக்கிற எக்ஸ்ட்4 பிரிவு. விண்டோஸுக்கு இரண்டாவது பிரிவைப் படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுதி முடித்ததும் 64 ஜிபி கார்டு சில நூறு எம்பியாகச் சுருங்கிவிட்டதுபோல் காட்டுகிறது. கூடவே "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டியும் எழுகிறது. நல்ல பிள்ளையாக அதற்குச் சம்மதித்தால், அப்போதுதான் எழுதி முடித்த லினக்ஸ் அங்கேயே காலி. இமேஜ் கோப்பை அப்படியே கார்டுக்குள் இழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அதிலிருந்து எந்தக் காலத்திலும் பூட் ஆகாது. நிறுவல் என்று சொல்லத்தக்க வேலை உண்மையில் முதல் பூட்டில்தான் நடக்கிறது. ரூட் பிரிவைக் கார்டு முழுவதற்கும் விரிப்பது, எஸ்எஸ்ஹெச் சாவிகளைப் புதிதாக உருவாக்குவது, தானே ஒருமுறை ரீபூட் ஆவது எல்லாம் அந்தச் சில நிமிடங்களில்தான். மெதுவான கார்டில் இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். திரை வெறிச்சென்று இருக்கிறதே என்று அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதுதான் பல கார்டுகளுக்கு வினையாகிறது.

பையின் பூட் வரிசையே கொஞ்சம் விநோதமானது. 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்த முதல் பையிலிருந்து பை 3 வரை, மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது ஏஆர்எம் செயலி அல்ல. வீடியோகோர் என்ற வரைகலைப் பகுதி. சிப்புக்குள் பொறிக்கப்பட்ட ரோம் நிரல், கார்டின் ஃபேட் பிரிவில் பூட்கோட்.பின் என்ற கோப்பைத் தேடும். அது ஸ்டார்ட்.எல்ஃப் என்ற ஃபர்ம்வேரை ஏற்றும். ஃபர்ம்வேர் கான்ஃபிக்.டிஎக்ஸ்டியைப் படித்து, கெர்னலை நினைவகத்தில் வைத்து, அதற்குப் பிறகே ஏஆர்எம் செயலியை எழுப்பும். 2019 ஜூனில் வந்த பை 4-இல் பூட்கோட்.பின்னின் வேலை போர்டிலேயே இருக்கிற ஈப்ராம் சிப்புக்குப் போனது. 2023-இன் பை 5-இல் ஸ்டார்ட்.எல்ஃப்பும் கார்டில் தேவையில்லாமல் போயிற்று. இந்த வரலாறு வெறும் தகவலுக்காக அல்ல. பை 3 வரையிலான போர்டுகள் கார்டு இல்லாவிட்டால் ஊமை. சிவப்பு விளக்கு எரியும், பச்சை அசையாது, திரை கறுப்பு. அதைக் கண்டு போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. பை 4, பை 5 அப்படியல்ல. கார்டே இல்லாமல் திரையை மட்டும் இணைத்து மின்சாரம் கொடுத்தால் பூட்லோடரின் சொந்தத் திரை வந்து, எங்கெல்லாம் தேடுகிறது, என்ன கிடைக்கவில்லை என்று எழுதிக் காட்டும். (பை 4-இல் இரண்டு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ துளைகள் இருக்கின்றன. மின்சாரத் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் கேபிளைச் செருகுங்கள்.) அந்தத் திரை வந்துவிட்டால் போர்டு, திரை, கேபிள் மூன்றும் ஒரே நொடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும். எத்தனை தடவை ஃபிளாஷ் செய்தாலும் இந்தத் தகவல் கிடைக்காது.

அடுத்தது பச்சை விளக்கு. கார்டைப் படிக்கும்போது அது தாறுமாறாக மினுங்கும்; அது நல்ல அறிகுறி. பூட் ஆக முடியாதபோது அதே விளக்கு ஓர் ஒழுங்கோடு சிமிட்டும்: நீண்ட சிமிட்டல் சில, குறுஞ்சிமிட்டல் சில, ஓர் இடைவெளி, மறுபடி அதே வரிசை. நீண்டது இல்லாமல் குறுகியது நான்கு என்றால் ஸ்டார்ட்.எல்ஃப் கிடைக்கவில்லை. ஏழு என்றால் கெர்னல் கிடைக்கவில்லை. எட்டு என்றால் நினைவகச் சிப்பில் கோளாறு. நீண்டது இரண்டும் குறுகியது ஒன்றும் வந்தால், போர்டு பார்க்கிற பிரிவு ஃபேட் வகையாக இல்லை. நீண்டது இரண்டும் குறுகியது இரண்டும் என்றால் பிரிவைப் படிக்கவே முடியவில்லை. இவற்றின் முழுப் பட்டியல் ராஸ்பெரி பையின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் இருக்கிறது. எட்டு சிமிட்டலுக்குக் கார்டை எழுதிக்கொண்டிருப்பது வீண். அது வன்பொருள் சங்கதி. படிக்க முடியவில்லை என்ற அடையாளத்துக்கு அதே கார்டில் மறுபடி எழுதுவதும் வீண். கார்டையோ துளையையோ பார்க்க வேண்டும். ஃபேட் இல்லை என்கிற அடையாளம் வந்தால் மட்டும், ஆம், தாராளமாக எழுதுங்கள், இந்த முறை சரியாக. ஒரே மருந்து மூன்று நோய்க்கு என்று கிளம்புகிறவர்களுக்கு இந்த ஒரு விளக்கே போதுமான பதில்.

விளக்கைத் தாண்டித் திரையில் வானவில் நிறச் சதுரம் வந்து அப்படியே நின்றுவிடுகிறது என்று வையுங்கள். பை 4 வரையிலான போர்டுகளில் அதன் பொருள் தெளிவு: ஃபர்ம்வேர் ஓடிவிட்டது, கெர்னல் ஓடவில்லை. அதாவது கார்டைப் படிக்க முடிந்திருக்கிறது. இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது இமேஜுக்கும் போர்டுக்கும் இடையிலான பொருத்தத்தை. பை 3பி+ வந்தது 2018 மார்ச்சில். அதற்கு முந்தைய இமேஜுக்கு அந்தப் போர்டு இருப்பதே தெரியாது. ஓஎஸ் பதிப்புகளில் பை 4-க்கு பஸ்டராவது வேண்டும், பை 5-க்கு புக்வார்மாவது. முதல் பையும் பை ஜீரோவும் ஏஆர்எம்வி6 வகை; டெபியனின் வழக்கமான 32 பிட் பதிப்போ ஏஆர்எம்வி7-க்காகத் தொகுக்கப்பட்டது. ராஸ்பியன் என்று பைக்கெனத் தனியாக ஓர் ஓஎஸ் தேவைப்பட்டதற்கே இந்த இடைவெளிதான் காரணம். பொருந்தாத இமேஜை எத்தனை முறை, எத்தனை விலையுயர்ந்த கார்டில் எழுதினாலும் அதே வானவில்தான் வரும். கெர்னலும் ஓடி, எழுத்துகள் உருண்டு, பிறகு நிற்கிறதென்றால் கடைசி வரியைப் படியுங்கள். ரூட் கோப்பமைப்பை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று புலம்பி, அடைப்புக்குறிக்குள் 179,2 என்று காட்டினால், 179 என்பது எஸ்டி கார்டு வகைச் சாதனங்களுக்கு லினக்ஸ் தந்திருக்கும் எண், 2 என்பது இரண்டாவது பிரிவு. கார்டும் பிரிவும் கெர்னலுக்குத் தெரிகின்றன. உள்ளே இருக்கிற எக்ஸ்ட்4 உடைந்திருக்கிறது. அதற்கு மாறாக, ரூட் சாதனத்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி அப்படியே உட்கார்ந்திருந்தால், சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டியில் எழுதியிருக்கும் பிரிவு அடையாளமும் கார்டில் இருக்கும் அடையாளமும் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். எடிட்டரில் திறந்து தெரியாமல் ஓர் என்டர் தட்டியிருந்தாலும் கதை முடிந்தது. இதைச் சரிசெய்ய ஃபிளாஷ் தேவையில்லை, நோட்பேட் போதும்.

இனி மின்சாரம். பை போர்டுகளின் மர்மக் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது என்பது என் துணிபு. பி+ போர்டிலிருந்து, ஜீரோ வரிசை நீங்கலாக, எல்லாப் பைகளிலும் மின்னழுத்தத்தைக் கவனிக்கும் சுற்று ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது குரல் கொடுக்கும். 5 வோல்ட்டுக்கும் 4.63-க்கும் இடையில் இருப்பது 0.37 வோல்ட். கேபிளின் போக்கும் வரவும் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தால், 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் கேபிளிலேயே தொலைகிறது. மெல்லிய, நீளமான செல்போன் கேபிளில் 0.2 ஓம் அதிசயமே இல்லை. அதிகாரப்பூர்வ அடாப்டர்கள் 5 வோல்ட் என்று இல்லாமல் 5.1 வோல்ட் என்று வருவதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். "என் சார்ஜர் 65 வாட், இது போதாதா?" என்று கேட்பார்கள். அந்த 65 வாட், சார்ஜர் 20 வோல்ட் தரும்போது கிடைப்பது. பை கேட்பதோ 5 வோல்ட். அந்த வரியில் சார்ஜரின் லேபிளில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் இருக்கும், சிலவற்றில் 2. பை 4-க்கு 3 போதும். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். அது வழக்கமான சார்ஜர்களில் கிடைக்காத சேர்க்கை. 3 ஆம்பியர் சார்ஜர் கொடுத்தால் பை 5 தன் யுஎஸ்பி துளைகளுக்கு மொத்தமாக 600 மில்லிஆம்பியர் மட்டுமே விடும், யுஎஸ்பி டிஸ்கிலிருந்து பூட் ஆகவும் மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு "எஸ்எஸ்டியில் ஓஎஸ் சரியாக ஏறவில்லை" என்று மறுபடி எழுத உட்காருகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. திரையில் காரணம் எழுதியே இருக்கும். இன்னொரு வேடிக்கை: பை 4-இன் முதல் பதிப்புப் போர்டுகளில் யுஎஸ்பி-சி துளையின் வடிவமைப்பில் ஒரு பிசகு இருந்தது. மடிக்கணினிகளோடு வரும் தரமான, சிப் வைத்த கேபிளைப் போட்டால் சார்ஜர் அதை ஆடியோ சாதனம் என்று எண்ணி மின்சாரமே தராது. சாதாரணக் கேபிளைப் போட்டால் ஓடும். பின்னால் வந்த பதிப்பில் திருத்திவிட்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. "எதற்கெடுத்தாலும் பவர் சப்ளை என்று கைகாட்டுவதும் ஃபிளாஷ் பண்ணுங்க என்பதுபோல ஒரு வாய்ப்பாடுதானே?" வாய்ப்பாடாகச் சொன்னால் ஆமாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது: மின்சாரக் குற்றச்சாட்டைச் சரிபார்க்க முடியும். ஒருமுறையாவது பூட் ஆகிற போர்டில் விசிஜென்சிஎம்டி கட்டளையோடு கெட்_த்ராட்டில்டு என்று கொடுத்தால் ஒரு பதினறும எண் வரும். சுழியம் என்றால் இந்த பூட்டில் மின்னழுத்தம் ஒருமுறைகூடச் சரியவில்லை. பவர் சப்ளையைத் திட்டுவதை நிறுத்திவிட்டு வேறிடம் தேடலாம். 50000 என்றால் எப்போதோ சரிந்து, அதனால் செயலி வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் சரிந்தே இருக்கிறது. பூட்டே ஆகாத போர்டு என்றால்? பி+ முதல் பை 3 வரை சிவப்பு விளக்கே வோல்ட் மீட்டர். அழுத்தம் சரியும்போது அணைந்து அணைந்து எரியும். கீபோர்டு, மவுஸ், டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை முயன்று பார்ப்பதும் காசில்லாத சோதனைதான்.

"பத்து நிமிட வேலைக்கு இவ்வளவு பேச்சா? ஃபிளாஷ் பண்ணினால் பாதி நேரம் சரியாகிவிடுகிறதே" என்பது அடுத்த மறுப்பு. சரியாகிறது, மறுக்கவில்லை. ஏன் சரியானது என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதும்போது உண்மையாகவே பிழை நேர்ந்திருந்தால் மறு எழுத்து அதைத் தீர்க்கும். ஆனால் 2020 மார்ச்சில் வந்த ராஸ்பெரி பை இமேஜர் எழுதி முடித்ததும் தானே திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. அந்தச் சரிபார்ப்பில் தேறிய கார்டு சில மணி நேரத்தில் கெட்டுப்போனால், எழுத்துப் பிழை என்ற விளக்கம் அங்கே செல்லாது. மின்சாரச் சரிவால் எக்ஸ்ட்4 உடைந்திருந்தால், புதிதாக எழுதிய கார்டு அடுத்த சரிவுவரை ஓடும், பிறகு மறுபடி உடையும். அப்போது "இந்தக் கார்டே ராசியில்லை" என்பார்கள். போலிக் கார்டின் கதை இன்னும் நுட்பமானது. 64 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும் கார்டுக்குள் 8 ஜிபி மட்டும் இருக்கலாம். கார்டின் கட்டுப்பாட்டுச் சிப் கணினியிடம் பொய் சொல்கிறது. ஓஎஸ் இமேஜ் அந்த முதல் 8 ஜிபிக்குள் அடங்கிவிடுவதால் சரிபார்ப்பிலும் தேறும், பூட்டும் ஆகும். கோப்புகள் சேரச் சேர உண்மைக் கொள்ளளவைத் தாண்டும் நாளில்தான் எழுதியது எல்லாம் மாயமாகும். மறுபடி ஃபிளாஷ் செய்தால் மறுபடி ஓடும்! இந்த "சரியாகிவிட்டது" எவ்வளவு ஏமாற்று என்று பாருங்கள். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல்கள் கார்டு முழுவதையும் எழுதிப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். கார்டு வாங்கிய அன்றே செய்துவிட வேண்டிய சோதனை இது. கடைசியாக, ஆயுள் முடிந்த சில கார்டுகள் சத்தமில்லாமல் எழுத்தை ஏற்க மறுக்கும். கோப்பை அழிப்பீர்கள், ரீபூட்டுக்குப் பின் அது உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட கார்டில் எழுத நினைப்பதற்கே பொருளில்லை.

இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. அவர்களுடைய பை ஒழுங்காக பூட் ஆகிவிட்டது, உள்ளே நுழையத்தான் முடியவில்லை. திரையில்லாமல் வைஃபை வழியாக இணைக்கப் பார்க்கிறவர்கள் இவர்கள். பழைய வீடியோவைப் பார்த்து அப்படியே செய்வதுதான் பிரச்சினையின் வேர். 2016 நவம்பரிலிருந்து எஸ்எஸ்ஹெச் தானாக இயங்காது. பூட் பிரிவில் எஸ்எஸ்ஹெச் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து அல்லது இமேஜரில் தேர்ந்தெடுத்து இயக்க வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் "பை" என்ற பயனரும் "ராஸ்பெரி" என்ற கடவுச்சொல்லும் ஒழிந்தன. பயனரை நாமே உருவாக்க வேண்டும். 2023 அக்டோபரில் புக்வார்ம் வந்தபோது, வைஃபை விவரங்களை எழுதி பூட் பிரிவில் வைக்கும் பழைய கோப்பு முறையும் வேலை செய்யாமல் போனது, நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் அந்த வேலைக்கு வந்துவிட்டதால். நாட்டுக் குறியீடு கொடுக்காவிட்டால் வைஃபை ரேடியோ பூட்டியே கிடக்கும். பை 3பி, ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ மூன்றுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கண்ணுக்கே தெரியாது. இவற்றில் எதற்கும் கார்டு பொறுப்பல்ல. பச்சை விளக்கு தாறுமாறாக மினுங்கி அடங்கியிருந்தால் போர்டு உள்ளே அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் வாய்ப்பே அதிகம். ஒரு லேன் கேபிளைச் செருகினால் ரவுட்டரின் பட்டியலில் தெரிந்துவிடும்.

"புதிதாகக் கற்கிற மாணவன் இதையெல்லாம் தெரிந்துகொண்டா பையைத் தொட வேண்டும்? சொல்லத் தெரியாத போர்டின் குற்றம்தானே இது?" என்றும் கேட்கலாம். பாதி ஒப்புக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தரப் பிறந்த போர்டு ஒன்று தன் கோளாறை விளக்குச் சிமிட்டலில் சொன்னது சரியான வடிவமைப்பு அல்ல. பை 4-இல் பூட்லோடர் திரை வந்தது அந்தக் குறையை உணர்ந்ததன் விளைவு என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மாணவனுக்கு இதெல்லாம் மனப்பாடமாக வேண்டியதில்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். மேலும், ஆரஞ்சு பை, பனானா பை போன்ற மற்ற போர்டுகளுக்குப் போனால் இந்த வசதியும் குறைவு. அங்கே சீரியல் கேபிள்தான் துணை: மூன்று கம்பி, 3.3 வோல்ட் அடாப்டர், பல போர்டுகளில் நொடிக்கு 115200 பிட் வேகம். பூட்லோடரின் முதல் வரியிலிருந்தே எல்லாம் தெரியும். அடாப்டர் 5 வோல்ட் வகையாக இருந்துவிட்டால் மட்டும் ஜாக்கிரதை, போர்டின் பின்கள் கருகிவிடும். பை 4 வரையிலான பைகளிலும் இதே கேபிள் 6, 8, 10 ஆகிய பின்களில் வேலை செய்யும், கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் யூஏஆர்டி என்ற சீரியல் வழியை இயக்கும் வரியைச் சேர்த்தால் போதும். இந்தக் கேபிள், புதிய கார்டுகள் வாங்கிக் குவிப்பதைவிட லாபம்.

ஆகவே உதவி கேட்கும்போது "பை வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். போர்டின் முழுப்பெயர், அடாப்டர் லேபிளில் 5 வோல்ட்டுக்கு எதிரே இருக்கும் ஆம்பியர், இமேஜ் கோப்பின் பெயரும் அதன் தேதியும், பச்சை விளக்கின் சிமிட்டல் வரிசை, திரையில் நின்ற கடைசி வரி ஆகியவற்றை எழுதுங்கள். கைபேசியில் அரை நிமிட வீடியோ எடுத்து அனுப்பினாலும் சரி. பதில் வரும்வரை அந்தக் கார்டை அப்படியே எடுத்து வையுங்கள். பொறுக்க முடியாவிட்டால் வேறொரு கார்டில் எழுதிச் சோதித்துக்கொள்ளுங்கள்.